வாசலில் சொன்ன பெயர்

சூதாட்டக் கண்காணிப்பு அலுவலகத்திலிருந்து வரும் செரிம்பெத்துக்கு அந்தச் சாலையில் இருந்த ஏழு கேசினோக்களிலும் ஒரே பட்டப்பெயர்தான். முள். பார்க்கவும் முள் மாதிரி ஒல்லியாகத்தான் இருப்பார். ஆனால் பெயர் வந்தது உடம்பால் அல்ல, குணத்தால். வரும்போது கக்கத்தில் ஒரு பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு வருவார். உப்புப் போட்ட பால் தேநீர், அவர் வீட்டிலேயே போட்டது. கேசினோவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ரொட்டியை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். அந்த ஊரில் வாசல்வரை வந்த விரோதிகூட ரொட்டியில் ஒரு துணுக்குக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டுதான் திரும்பிப் போவான். இந்த மனுஷர் நாள் முழுக்க உட்கார்ந்து பதிவேடுகளைக் குடைந்துவிட்டு, வெறும் வாயோடு எழுந்து போவார்.

"அவருக்கு வயிறுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் சட்டத்துல தடை பண்ணிட்டாங்களா?" என்பார் மேலாளர் வலேரி சோய். பாட்டன் காலத்தில் இலி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்த கொரியக் குடும்பம் அவருடையது. யாருக்காவது சோறு போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

குன்சுலுவுக்கு முள்ளின் வயிற்றைப் பற்றிக் கவலையில்லை. அவர் கொண்டுவந்த புது உத்தரவைப் பற்றித்தான் எரிச்சல். அவள் வேலை வாசல் மேசையில். வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கி, எண்ணைத் தட்டிப் பார்த்து, உள்ளே விட வேண்டும். இருபத்தொரு வயது ஆகாதவன் வந்தால் தடுக்க வேண்டும். அரசாங்க ஊழியன் வந்தால் தடுக்க வேண்டும். 'என்னை விடாதீர்கள்' என்று தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தவர்களின் தடைப் பட்டியல் ஒன்று உண்டு. அந்த ஆட்களையும் தடுக்க வேண்டும். இதுவரைக்கும் சரி. அந்தக் கடைசி வகை ஆளைத் தடுக்கும்போது எழுந்து நின்று, கேமராவுக்கு நேராக, அவருடைய முழுப் பெயரையும் உரக்கச் சொல்லித் தடுக்க வேண்டும் என்பதுதான் புது உத்தரவு. சொன்ன கையோடு படிவத்தில் தட்டினால், அடுத்த நொடியே ஏழு வாசலுக்கும் அந்தப் பெயரும் முகமும் போய்விடும்.

"எதுக்கு இந்தக் கூத்து? மெதுவா 'போயிட்டு வாங்க அண்ணே'ன்னு சொன்னா போக மாட்டாங்களா?" என்று அவள் வலேரியிடம் அலுத்துக்கொண்டாள்.

"போவான். எங்க போவான்? பக்கத்து வாசலுக்கு" என்றார் வலேரி.

அவளுடைய எரிச்சலுக்கு வேறொரு காரணம் இருந்தது. அதை வலேரியிடம் சொல்ல முடியாது. சொன்னாலும் கொரியருக்கு முழுதாகப் புரியாது.

அவள் வாழ்க்கைப்பட்டது பழைய பழக்கம் விடாத குடும்பம். புகுந்த வீட்டில் தனக்கு மூத்தவர்களின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. வந்த புதிதில் ஒவ்வொருவருக்கும் அவளே ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். கணவன் கெஞ்செபெக்கின் அண்ணனுக்கு அவள் வைத்த பெயர் மிர்ஸா அகா. தாராள மனசுள்ள அண்ணன் என்று அர்த்தம். கல்யாணத்தன்று அவளுக்கு ஒரு குதிரைக்குட்டியைப் பரிசாகக் கொடுத்த மனிதர், வேறென்ன பெயர் வைப்பாள்? பதினொரு வருடமாக அவர் அவளுக்கு மிர்ஸா அகாதான், தம்பி மனைவியானாலும் அவள் அவருக்கு மருமகள்தான். அந்தத் தாராளம் பின்னாளில் கேசினோ மேசைகளின் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

முதலில் அவருடைய லாரி போயிற்று. பிறகு பன்னிரண்டு ஆடுகள் போயின. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வீடே கூடி அழுத பிறகு, அரசு சேவை மையத்துக்குப் போய் மூன்று வருடத்துக்குத் தன்னைத் தடைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு வந்தார். ரொட்டியை நெற்றியில் ஒற்றிச் சத்தியமும் செய்தார். அன்று எல்லோருக்கும் உயிர் வந்தது.

டிசம்பர் மாதச் சோதனையில்தான் குன்சுலுவின் குட்டு வெளிப்பட்டது.

முள் அவளைப் பின்னறைக்குக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் பிளாஸ்க் இருந்தது, அதற்குப் பக்கத்தில் ஒரு காகிதம்.

"அக்டோபர் மாசம் நீங்க ஒருத்தரைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. தடைப் பட்டியல் ஆளு. வேற யாரோட அட்டையையோ கொண்டு வந்திருக்காரு. சரியாக் கண்டுபிடிச்சிருக்கீங்க, சந்தோஷம். ஆனா பேரை உரக்கச் சொல்லலை, 'உண்மையில் இவர் யார்'ங்கிற கட்டத்துலயும் 'மிர்ஸா அகா'ன்னு எழுதியிருக்கீங்க. யாரும்மா இந்த மிர்ஸா அகா? பட்டியலைத் தலைகீழாப் புரட்டிட்டேன். அப்படி ஒரு ஆளே கிடையாது."

குன்சுலுவின் காதுமடல்கள் சூடாயின. அன்று நடந்தது அப்படியே நினைவுக்கு வந்தது. அவர் ஒரு நண்பனின் அட்டையை நீட்டியதும், அவள் "அகா, வேணாம்" என்று கெஞ்சியதும், அவர் தலையைக் குனிந்துகொண்டு திரும்பியதும். எழுதுவதற்குத் தடை கிடையாது, வாய்க்குத்தான் தடை. ஆனால் பதினொரு வருடப் பழக்கம் கைக்கும் தொற்றிவிட்டது. விரல் தானாக அந்தப் பெயரைத் தட்டிவிட்டது. தட்டிய பிறகு பார்த்தாள். திருத்தியிருக்கலாம். குடும்ப மானம் ஏழு வாசலில் பறக்க வேண்டாமே என்று விட்டுவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரரோட அண்ணன்" என்றாள்.

செரிம்பெத் பேனாவைக் கீழே வைத்தார். அவரும் அந்த மண்ணில் பிறந்தவர்தானே. விளங்கிவிட்டது.

"ஓ" என்றார். "எங்க அம்மாவும் அப்படித்தான். எங்க பெரியப்பாவை 'நெட்டை மாமா'ன்னுதான் சொல்லுவா. ஒரு தடவை ஏரியில பனி உடைஞ்சு அவர் விழுந்துட்டாரு. 'நெட்டை மாமா விழுந்துட்டாரு, நெட்டை மாமா விழுந்துட்டாரு'ன்னு கரையில நின்னு கத்துறா. மீன் பிடிக்க வந்தவங்க பூரா வெளியூர்க்காரங்க. யாரைச் சொல்றான்னு ஆளாளுக்குத் தங்களோட வந்த நெட்டையனைத் திரும்பிப் பாக்குறாங்க."

"அப்புறம்?"

"காப்பாத்திட்டாங்க. ரெண்டு விரல் போச்சு." அவர் காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். "பேரு பட்டியல்ல இல்லாததால உங்க படிவம் முடியாமலேயே நின்னுடுச்சு. முடியாத படிவம் மத்த வாசலுக்குப் போகாது. நீங்க அனுப்பின இருபதாவது நிமிஷம் உங்க மிர்ஸா அகா அதே அட்டையோட பக்கத்து கேசினோவுல உள்ள இருந்தாரு. அங்க இருக்கிற கேமராவுல பாத்தேன். சாயங்காலம் வெளிய வந்தப்போ தொப்பியைக்கூட மறந்துட்டுப் போனாரு."

அக்டோபர் மாதம்தான் மிர்ஸா அகா நான்கு மாடுகளை விற்றிருந்தார். சந்தையில் ஜேப்படிக்காரன் அடித்துவிட்டான் என்று வந்து சொன்னார். அவர் மனைவி பாக்கித் அக்கா ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்து, கண்ணுக்குத் தெரியாத அந்தத் திருடனை மண்ணை வாரித் தூற்றினாள். கூடவே உட்கார்ந்து தூற்றியவர்களில் குன்சுலுவும் ஒருத்தி.

"விளக்கம் எழுதிக் குடுங்க. இது எச்சரிக்கை. இன்னொரு தடவை இப்படி நடந்தா இந்த மேசையில நீங்க இருக்க முடியாது" என்றார் முள். பிறகு பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, வலேரி நீட்டிய தட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்று அவள் முள்ளை வைத வசவுகளை இங்கே எழுத முடியாது. இதயம் இல்லாதவன், ரொட்டியை மதிக்காதவன் என்பதெல்லாம் அதில் மிருதுவானவை. உண்மையில் அவளுக்குத் தன் மேல்தான் கோபம். ஆனால் தன்னைத் திட்டிக்கொள்வதைவிட அரசாங்கத்தைத் திட்டுவது எப்போதும் சுலபம்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். பிப்ரவரி மாதம் மிர்ஸா அகாவின் வைக்கோல் கொட்டகையில் தீப்பிடித்தது. காற்று வீட்டுப் பக்கம் திரும்பியது. கூரை முழுவதும் போயிற்று. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே பெரிது. வீட்டைப் பறிகொடுத்தவனுக்கு ஏழு தலைமுறைச் சொந்தமும் கூடிக் கொடுப்பது அந்த மக்களின் வழக்கம். அதைத் தட்ட முடியாது, தட்டியவன் சொந்தக்காரனே இல்லை. ஆடு விற்றுக் கொடுத்தார்கள். சீர்வரிசைக் கம்பளத்தை விற்றுக் கொடுத்தார்கள். ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் ஒரு விதவை ஐயாயிரம் தெங்கே பணத்தைக் கைக்குட்டையில் முடிந்து, இரண்டு பஸ் மாறி வந்து கொடுத்துவிட்டுப் போனாள். குன்சுலு ஒரு மாதச் சம்பளத்தை அப்படியே கொடுத்தாள். எல்லாம் சேர்ந்து மிர்ஸா அகாவின் கைக்கு வந்தது. வீட்டுக்காரனின் கையில்தான் கொடுக்க வேண்டும், வேறு கையில் கொடுத்தால் அவனை அவமதித்த மாதிரி.

மார்ச் மாதம், பிற்பகல் மூன்று மணி. சாலையோரத்து ஏரியில் பனி உடைகிற காலம், ஈரக்காற்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து மிர்ஸா அகாவும் உள்ளே வந்தார்.

தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். அட்டையை மேசையில் வைத்தார். குன்சுலு எடுத்துப் பார்த்தாள். தன் கணவனின் படம் அவளைப் பார்த்துச் சிரித்தது.

"அகா, இது அவரோட அட்டை."

"ஆமா. காலையில உங்க வீட்டுக்குத்தான் வந்திருந்தேன். கோட்டு ஆணியில தொங்கிச்சு" என்றார் அவர், ஏதோ தீப்பெட்டி எடுத்துக்கொண்டு வந்தவர் போல. "ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே மூஞ்சி. மெஷினுக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரியும். அதான் உன் வாசலுக்கு வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். வலது கை கோட்டின் நெஞ்சுப் பக்கத்தைத் தடவியது. அங்கே பை புடைத்திருந்தது.

"அது என்ன அகா?"

"கூரை" என்றார். "அரைக் கூரை. மரக்கடையில கேட்டாச்சு, இது பாதிக்குத்தான் காணும். பாதிக் கூரையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? மழை வந்தா அவளைப் பாதிப் பக்கம் படுக்கச் சொல்லவா? ஒரு மணி நேரம் மருமகளே. ஒரே ஒரு மணி நேரம். முழுக் கூரையாக்கிட்டுப் போயிடுறேன்."

"அது உங்க காசில்லையே அகா."

"எனக்குக் குடுத்தது."

"கூரைக்குக் குடுத்தது."

அவர் முகம் கறுத்தது. வரிசையில் பின்னால் அல்மாத்தி நகரத்திலிருந்து வந்திருந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, குடும்பக் கதையை வீட்டுல போய்ப் பேசக் கூடாதா? எங்க அதிர்ஷ்டம் ஆறிப்போவுது" என்றான்.

"ஆறட்டும், ஊதிக் குடி" என்றாள் குன்சுலு, அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

மிர்ஸா அகா மேசையின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றினார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இந்த மாதிரி ஆட்களுக்குச் சட்டம் வக்கீலைவிட நன்றாகத் தெரியும்.

"பட்டியல் ஆளைத் தடுக்கணும்னா எந்திரிச்சு நின்னு முழுப் பேரையும் சொல்லித் தடுக்கணுமாமே, புது உத்தரவு? சொல்லேன் பாக்கலாம். எங்க அம்மா கையால தலைக்கு முக்காடு வாங்கினவ நீ. என் பேரைச் சொல்லேன். எங்க அப்பா பேரையும் சேத்துச் சொல்லணும், தெரியுமில்ல? அவர் குழியில இருக்காரு. அவரையும் எழுப்பு."

அதுதான் விஷயம். முழுப் பெயர் என்றால் ஒரு பெயரல்ல, மூன்று பெயர். அவருடையது, செத்துப்போன மாமனாருடையது, குடும்பத்துக்கே பெயர் கொடுத்த கொள்ளுப்பாட்டனுடையது. மூன்றுமே அவள் நாக்கில் படாதவை. ஒரே மூச்சில் மூன்று பாவம்.

மெதுவாகத் திருப்பி அனுப்பிவிடலாம். போவார். பக்கத்து வாசலுக்குப் போவார். அங்கே கெஞ்செபெக்கின் அட்டையைப் பார்த்து, கெஞ்செபெக் என்றே நம்பி, 'வாங்க அண்ணே' என்பார்கள். விதவையின் கைக்குட்டை முடிச்சு, பந்து உருளும் மேசையில் போய் விழும். பிறகு ஏழு தலைமுறையும் அவரைத் தலைமுழுகும். சந்தைத் திருடன் கதை இரண்டாம் தடவை செல்லாது.

குன்சுலு எழுந்து நின்றாள். கேமராவின் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கையையும் வலது முழங்காலில் வைத்து, புது மருமகள் மாமனார் வீட்டு வாசலில் வணங்குகிற மாதிரி அவரை மூன்று தடவை குனிந்து வணங்கினாள். அல்மாத்திக்காரன் கடிகாரத்தை மறந்துவிட்டான். அவள் நிமிர்ந்தாள்.

"சாபன்பாயெவ் ஓரின்பெக் மாமிர்உலி" என்றாள். "நீங்களே கையெழுத்துப் போட்டுக் கேட்டுக்கிட்டபடி, உங்களுக்கு உள்ள வர அனுமதி இல்ல."

அவர் கோபப்படவில்லை. வேறு யாரையோ கூப்பிட்டார்கள் என்பதுபோல ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அட்டையை மேசையிலேயே விட்டுவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

குன்சுலு உட்கார்ந்து படிவத்தை முழுதாக நிரப்பினாள். அவர் பெயர், கணவனின் அட்டை எண், எல்லாம். பொத்தானை அழுத்தினாள். அல்மாத்திக்காரர்கள் இரண்டு பேரும் சத்தமில்லாமல் அட்டையை நீட்டினார்கள். ஒருவன் மட்டும், "அக்கா, அந்தப் பட்டியல்ல சேர எங்க போகணும்? சும்மா கேக்குறேன்" என்றான்.

ஆறாவது நிமிடம் திரையில் ஒரு வரி வந்தது. பக்கத்து கேசினோவில் சாபன்பாயெவ் ஓரின்பெக் மாமிர்உலி தடுக்கப்பட்டார். அக்டோபரில் நீட்டிய அதே நண்பனின் அட்டையும் எடுபடவில்லை, முகத்தை வைத்தே பிடித்துவிட்டார்கள். பதினைந்தாவது நிமிடம் மூன்றாவது வாசல். பிறகு நான்காவது. ஒவ்வொரு வரியிலும் அதே மூன்று பெயர்கள். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் எழுந்து நின்று அதை உரக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாவது வாசலின் வரியும் வந்தது.

ஆறாவது வரவில்லை.

அரை மணி நேரம் ஆயிற்று, வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. விட்டுவிட்டார்களா? ஆறாவது வாசலில் எவனாவது அசந்துவிட்டானா? இல்லை, பணம் போனால் போகட்டும், இந்த மனுஷர் ஏரிப் பக்கம் போய்விட்டாரா? பனி உடைகிற காலம். குன்சுலுவின் கண்முன் முள்ளின் பெரியப்பா விழுந்த ஓட்டை வந்து நின்றது. மேசையை விட்டு நகர முடியாது. கணவனுக்குப் போன் போட்டாள், அவன் எடுக்கவில்லை. வருகிறவர்களின் அட்டையை வாங்கினாள், கொடுத்தாள், யார் முகமும் மனதில் பதியவில்லை. 'நான்தான் கொன்னுட்டேன், பேரைச் சொல்லிக் கொன்னுட்டேன்' என்று உள்ளே ஒன்று அரற்றிக்கொண்டே இருந்தது.

ஐந்தரை மணிக்குக் கெஞ்செபெக் கூப்பிட்டான்.

"என் அட்டையைக் காணோம். நீ பாத்தியா?"

"அட்டை கெடக்கட்டும். அகா எங்க?"

"அதான் வேடிக்கை. அண்ணி போன் பண்ணினா. ஒரு வண்டி நிறையப் பலகை வந்து எறங்கியிருக்காம். அண்ணன் வண்டியிலேயே வந்து, அந்தப் பலகை மேல ஏறி உக்காந்துக்கிட்டு எறங்க மாட்டேங்கிறாராம். தேநீர் குடுத்தா வாங்க மாட்டேங்கிறாராம். அழுறாரா சிரிக்கிறாரான்னு தெரியலையாம். என்ன ஆச்சு?"

குன்சுலு மேசைக்கு அடியில் குனிந்துகொண்டு அழுதாள். கடவுளுக்கு நன்றி சொன்னாள். பிறகு அந்தப் பொத்தானுக்கு, படிவத்துக்கு, மற்ற நான்கு வாசல்களில் எழுந்து நின்ற முகம் தெரியாத நான்கு பேருக்கு நன்றி சொன்னாள். கடைசியில், வைத வாயாலேயே, அந்த முள்ளுக்கும் சொன்னாள். அவர் மட்டும் டிசம்பரில் அந்தக் காகிதத்தைத் திருப்பிக் காட்டியிருக்காவிட்டால், இன்றைக்கும் அவள் கை மிர்ஸா அகா என்றுதான் தட்டியிருக்கும்.

வலேரி எட்டிப் பார்த்தார். "பல்லுவலியா?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். ஒரு தட்டு நிறைய நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் முள் வந்தார். பதிவுகளையெல்லாம் போட்டுப் பார்த்தார். அந்த வணக்கம் வரும் இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்தார். குன்சுலு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேசையை விட்டு வெளியே போனதற்கு இன்னொரு எச்சரிக்கை வரும் என்று எதிர்பார்த்தாள்.

"படிவம் முழுசா இருக்கு" என்றார் அவர்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும்" என்றாள். வீட்டில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளைத் துணியில் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். "நான் உங்களை ரொம்பத் திட்டியிருக்கேன். இது லஞ்சம் இல்ல. எங்க வீட்டுக் கூரை தப்பிச்சது உங்களாலதான். ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுக்குங்க."

கைகள் வழக்கம்போலப் பின்னால் போயின. "முடியாதும்மா. வாங்கக் கூடாது, எழுத்துல இருக்கு." பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, அதன் மூடியில் தேநீரை ஊற்றி, அவள் பக்கம் நகர்த்தினார். "வாங்கத்தான் தடை. குடுக்கத் தடை இல்லை. குடிங்க."

உப்புத் தூக்கலாக இருந்தது. இத்தனை வருடமாக இதையா இந்த மனுஷர் சுமந்துகொண்டு திரிகிறார் என்று இருந்தது. இருந்தும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அப்படி ஒரு தேநீர் அவளுக்கு வேறெங்கும் கிடைக்கப் போவதில்லை.

இன்னும் ஒரு கணக்குத் தீரவில்லை. மூத்தவரின் பெயரைச் சொன்ன மருமகள் குற்றவாளி. குற்றம் செய்தவர் ஒரு சபான் அங்கி கொண்டுபோய், பாதிக்கப்பட்டவர் தோளில் போர்த்தி மன்னிப்புக் கேட்க வேண்டும். ஏப்ரல் மாதம், பூவேலை செய்த நீல வெல்வெட் சபான் ஒன்றை வாங்கிக்கொண்டு, கெஞ்செபெக்கோடு மிர்ஸா அகாவின் இலி ஆற்றங்கரைக் கிராமத்துக்குப் போனாள். அன்றுதான் கூரையின் கடைசிப் பலகையை அடிக்கிறார்கள். மரக்கடைக்காரர் பாதி விலையைக் கடனாக விட்டிருந்தார். ஏழு கேசினோ வாசலும் அடைபட்டுப்போனவனுக்குக் கடன் கொடுத்தால் அது வேறெங்கும் போக வழியில்லை என்று அவருக்கும் செய்தி எட்டியிருந்தது. அதைவிடப் பெரிய ஜாமீன் எது?

முற்றத்தில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். குன்சுலு அங்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், ஏணியடியில் நின்ற அவர் முன்னால் குனிந்தாள்.

"அகா, பேரைச் சொல்லிட்டேன். மாமனார் பேரையும் சொல்லிட்டேன். எல்லாரும் கேக்கச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். அங்கியை வாங்கிப் பிரித்து, வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். பாக்கித் அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்டோபர் மாதத் திருடன் யார் என்பது இப்போது அவளுக்கும் தெரியும். அவரே சொல்லியிருந்தார்.

"மருமகளே, குத்தம் பண்ணினவன்தான் சபான் போர்த்தணும்" என்றார். "தப்பான ஆளு கொண்டுவந்திருக்கே."

சொல்லிவிட்டு அந்த நீல அங்கியை அவள் தோள்களில் போர்த்தினார். ஆம்பளை அளவு அங்கி. கை மூடிப்போயிற்று, விளிம்பு மரத்தூளில் புரண்டது.

"உன்கிட்டயே வாங்கி உனக்கே போர்த்துறேன்னு நினைக்காதே. எனக்குன்னு ஒண்ணு வாங்கக் காசில்ல. எல்லாம் மேல இருக்கு" என்று கூரையைக் காட்டினார். யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அஞ்சு வாசல்ல என் பேரைச் சொன்னாங்க. ஒவ்வொருத்தனும் சொன்னப்போ எனக்கு உன் குரல்லதான் கேட்டுச்சு. ஆறாவது வாசலுக்குப் போக காலு வரலை. அப்பா பேரைச் சொன்னியே, அவரு எந்திரிச்சு வந்து வாசல்ல நின்னுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். அரசு சேவை மையத்து முத்திரை இருந்தது. தடை, பத்து வருடத்துக்கு. அடியில் அவர் கையெழுத்து, மூன்று பெயரும் தெளிவாக.

"முடியும்போது எனக்கு அறுபத்தெட்டு. அப்பவும் வந்தாலும் வருவேன், என்னை நம்பாதே. நீ அந்த வாசல்ல இரு."

"இருக்கேன், மிர்ஸா அகா" என்றாள் குன்சுலு.

"வீட்டுல அப்படியே கூப்பிடு" என்றார் அவர். "அங்க மட்டும் பேரைச் சொல்லு."